என் திறப்பு திறந்த சைக்கிள்

தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் எனக்கு மன்னாரில் ஒரு கந்தோரில், அங்கே அலுவலகம் என்பார்களே, அதில் வேலை கிடைத்தது. மீளக்குடியேறியவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுத்த கறுப்புச் சைக்கிளில்தான் போய்வந்தேன். அதன் பாரம் ஒரு மாதமாகியும் பழகவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், பாலத்தில் எதிர்க்காற்று. பெடலுக்குக் கால் சரியாக எட்டவில்லை. எனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று குழம்பியபடி வீடு வந்து இறங்கினால், கரியரில் யாருடையதோ மருந்துப் பை!

பதறித் திரும்ப மிதித்தேன். கந்தோர் வாசலில் முதியவர் ஒருவர் என் சைக்கிளோடு வியர்த்துப்போய் நின்றார்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர திறப்பு உங்கட பூட்டையும் திறந்திட்டுது."

"என்ர திறப்பு இதைத் திறக்குதில்லை, பிள்ளை. வீட்டில என்ர மனுசிக்கு ஊசி போடுற நேரமாச்சு" என்றவர், பையை வாங்கியதும் அழுதுவிட்டார்.

இப்போது ஹாண்டிலில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன். அதைத் தொட்டுப் பார்க்காமல் ஏறுவதில்லை.