சணல் பட்டை முறிந்த இடம்

காலை பத்தேகாலுக்குச் சோதனைக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து காத்தவராயனின் பக்கத்து வீட்டுக்காரர். பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே காத்தவராயன் சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

காத்தவராயனோடு கூடத்தில் வேலை பார்க்கும் டெல்பின் ஓடிப்போய்ச் சொன்னபோது, துறைத்தலைவர் அனந்தகிருஷ்ணன் கையிலிருந்த சமோசாவைக் கீழே வைக்கவில்லை. "அடப்பாவமே, நல்ல மனுஷன்" என்றார். மென்று விழுங்கிவிட்டு, "ரிஜிஸ்டர் அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார்.

அவள் சாவியைத் தேடிப் போனாள்.

காத்தவராயன் லால்குடிக்காரர். இழுத்து முறிக்கும் இயந்திரத்தில் பட்டைகளை ஏற்றி, எத்தனை பாரத்தில் முறிகின்றன என்று குறிப்பதே பதினெட்டு வருஷமாக அவர் வேலை. கடைசி இரண்டு வருஷமாகச் சணல் நார் கலந்த பிளாஸ்டிக். அரசுக் குடியிருப்புகளின் குளியலறைக் கதவுகளுக்கு அந்தப் பிளாஸ்டிக் பலகைதான் வரப்போகிறது என்று பேச்சு. உலர்ந்த பட்டை நன்றாகவே தாங்கியது. ஒரு மாதம் தண்ணீரில் ஊறினாலோ நார் உப்பி, பிளாஸ்டிக்கை விட்டு விலகி, பாதி பாரத்துக்கே முறிந்தது. தொட்டியில் அழுகல் நாற்றம் வேறு.

இயந்திரத்தின் பிடிக்குள் முறிந்த பட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பிடி நசுக்கியதால் முறிந்திருக்கலாம் அல்லவா? ஊறிய பட்டைகள் அத்தனைக்கும் 'பிடியில் முறிந்தது' என்று எழுதச் சொன்னார் அனந்தகிருஷ்ணன்.

"நடுவுல முறிஞ்சத நடுவுலன்னுதான் சார் எழுதுவேன்" என்றார் காத்தவராயன். "நம்ம குவார்ட்டர்ஸுக்கும் இந்தக் கதவுதான் வரும். குளிக்கிறப்ப அது விழுந்தா, உங்க ரூலையா இடுப்புல சுத்திக்கிறது?"

கூடமே சிரித்தது. அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அந்த வாரமே நின்றுபோனது. அப்போது டெல்பினும் வாய் திறக்கவில்லை.

சாவி காத்தவராயனின் இழுப்பறையில் இருந்தது. ஊறிய ஐந்து பட்டைகள் கொண்ட கடைசித் தொகுதியில் நான்கைத்தான் அவர் முறித்திருந்தார்; ரிஜிஸ்டரில் அவற்றுக்கு 'முறிந்த இடம்' பத்தியை நிரப்பியிருக்கவில்லை.

"பிடியில்னு போட்டுக் கையெழுத்து வச்சிடுங்க, டெல்பின். சாயங்காலம் ரிப்போர்ட் போகணும். ஜல்தி" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"சாவு வீட்டுக்குப் போகணும், சார்."

"அச்சா, எழுதிட்டுப் போங்க. அவர் இனிமே எங்க போகப் போறார்?"

அவள் முறிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். நான்கு வரிகளிலும் 'நடுவில்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

எண்ணெய் விரலால் பக்கத்தைத் தடவினார் அனந்தகிருஷ்ணன். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"பாத்து எழுதினேன், சார்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தத் தொகுதியின் ஐந்தாவது பட்டையை இன்னும் யாரும் இயந்திரத்தில் ஏற்றவில்லை.