ஷஹ்மாவின் சட்டைப்பை

தீப்பெட்டி அளவுதான் அந்த ஒலிப்பதிவுக் கருவி. மூன்று வயது ஷஹ்மாவின் சட்டையில் ஒரு பை தைத்து, விடிந்ததிலிருந்து அவள் தூங்கும்வரை அதை அதற்குள் வைத்திருக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு சத்தமிடுகிறாள், யாராவது பேசினால் திருப்பிக் குரல் கொடுக்கிறாளா என்று கண்டியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிருஷாந்தி மிஸ் பிறகு கேட்டு அளப்பார். பிள்ளைக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து மஸீனாவுக்கும் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தன் பேச்சு மகளுக்குள் போகிறதா, இல்லையா?

முதல் தடவை அவளே காரியத்தைக் கெடுத்தாள். மடவளையில் ஒரு வீடு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமா? டீவியை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு அபீபாவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கணவன் ஹபீல் சைகையில் சோறு கேட்டான். பிள்ளையின் குரல் தெளிவாக விழட்டும் என்ற ஆசைதான். அந்தக் குரலும் விழவில்லை.

"யாருமே பேசாட்டி புள்ள யாருக்குப் பதில் சொல்லும்? எப்பவும் போல இருங்க," என்றார் கிருஷாந்தி.

இரண்டாம் தடவை நடிப்பதற்கும் அவளிடம் தெம்பில்லை. தூக்கம் கெட்டு, இடுப்பு விட்டுப்போய், தேங்காய் திருவிக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பிள்ளையிடம் கொட்டினாள். கருவி இருப்பதே மறந்துபோயிற்று.

அடுத்த கிழமை நெரிசல் பஸ்ஸில் மகளைச் சுமந்து நின்றபடியே கண்டிக்குப் போனாள். கிருஷாந்தி பதிவில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். தேங்காய் திருவும் சத்தம். அதன் மேல் மஸீனாவின் குரல்: "ஏலாது மகள். உம்மாக்கு இனி ஏலாது."

சின்னதாய் ஒரு "ம்ம்".

"உம்மா மௌத்தாப் போனா ஒன்ன யாரு பாக்கிற?"

"ம்ம்ம்ம்."

அன்று திருவும் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டதில் சந்தோஷம்தான். ஆனால் சாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியதை மிஸ்ஸும் கேட்டது வெட்கமாக இருந்தது.

"அந்தப் பேச்ச அழிக்க ஏலுமா, மிஸ்?"

"ஏலும். ஆனா அவ நீளமா பதில் குடுத்தது அதுக்குத்தான்."

"அப்ப ஈக்கட்டும், அழிக்க வாணாம்," என்றாள் மஸீனா. பிறகு மகளிடம் குனிந்தாள். "உம்மா சும்மா சொன்ன. நான் எங்கேயும் போகல்ல."

இந்தத் தடவை, சொல்லிவிட்டு மகளின் பதிலுக்குக் காத்திருந்தாள். ஷஹ்மா உம்மா உட்கார்ந்திருந்த கதிரையின் காலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து, நிமிர்ந்து பார்க்காமலே, "ம்ம்" என்றாள்.