ஏரிக்குள் இறங்கும் களம்

நிலம் அளக்கப் போகிறவனுக்கு யாராவது டீ கொடுத்தால், அந்தப் பக்கம் ரெண்டடி கூடுதலாக எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். டேப்பின் மறுமுனையைப் பிடித்து வெயிலில் நின்றிருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

சிவப்புக் குறி

ஜவ்வாது மலையடிவாரத்தில், கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஓர் ஏரி. ஆக்கிரமிப்புகளைக் குறிக்க என்னை அனுப்பியிருந்தார்கள். கரையில் தண்ணீரை நோக்கிச் சரிந்த அகலமான சிமென்ட் தளம், அதன் மேல் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. பழைய வரைபடத்தில் தளம் இல்லை. ‘களம், ஆக்கிரமிப்பு’ என்று எழுதி, சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டேன்.

கேழ்வரகைக் கிளறிக்கொண்டிருந்த குப்பம்மா நிமிர்ந்தார். ரெண்டாம் உலக யுத்தத்தின்போது ஏரோப்ளான் வந்து இறங்கிய இடம் இது என்றார். ஏரியிலா என்று நான் சிரித்துவிட்டேன்.

“சிரிங்க சார். திங்கக்கெழம ஜேசிபி வந்து ஒடைச்சிட்டா கேவுர எங்க காய வெக்கிறது, உங்க வூட்டு மாடியிலயா?”

வளையங்கள்

சிரித்தது உறுத்தியதால் மறுநாளும் போனேன். தளத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள் பதிந்திருந்தன. இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள இடம் ஒரு குடும்பத்தின் பங்கு. அதில் அடுத்தவர் முறம்கூட வைப்பதில்லை. மாடு கட்டும் வளையமாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். கம்பி என் மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தது. யானையைத்தான் கட்டலாம்.

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பன்னீர், தன் தாத்தா இங்கே வேலை பார்த்தவர் என்றார். என்ன வேலை என்று கேட்டேன்.

“சத்தம் கேட்டா தண்ணியிலகீற எருமைங்கள ஓட்டணும் சார். எருமைங்க கரை மேல ஏறுனாத்தான் ஏரோப்ளான் கீழ எறங்கும்.”

மார்பளவு

“எருமை சாட்சி சொல்லுமாய்யா?” என்றார் அலுவலகத்தில் இதைக் கேட்ட என் அதிகாரி. நியாயம்தான். கதை போதாது, அளவு வேண்டும். களம் கட்டுகிறவன் கரையோடு நிறுத்திக்கொள்வான். தண்ணீரில் இறங்கும் விமானத்தைக் கரைக்கு இழுக்கக் கட்டியதென்றால் சரிவு ஏரிக்குள்ளும் போகும். இது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவதாக முடிவு செய்தேன். பேன்ட்டை மடித்துக்கொண்டு அளவுகோலோடு இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் ஆழத்தைக் கத்திச் சொன்னேன், பன்னீர் எழுதிக்கொண்டார். முழங்கால், இடுப்பு, மார்பு. அதே சிமென்ட், அதே சரிவு, நிற்கவேயில்லை.

கரையிலிருந்து குப்பம்மா குரல் கொடுத்தார்.

“நீச்சல் தெரியுமா சார்? அந்த செவப்பு பெயிண்ட அழிக்கிற வரைக்குமாவது நீங்க உசுரோட வேணும்.”

சனிக்கிழமை

அறிக்கையில் மூன்றே விஷயங்கள் எழுதினேன். வரைபடம் யுத்தத்துக்கு முந்தியது. சரிவு தண்ணீருக்கு அடியிலும் தொடர்கிறது. வளையங்கள் விமானம் கட்டும் கனத்தில் இருக்கின்றன. அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். அளவுகோலை நீட்டினேன். முழங்கால் வரை இறங்கி, முன்னால் ஊன்றிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடி ஊன்றினார். பேன்ட் நனைந்தது. கரையேறியதும் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“யுத்தகால நீர்விமானத் தளம், இடிக்கக் கூடாதுன்னு சேர்த்துக்கய்யா. அந்த எருமை சமாச்சாரம் மட்டும் எங்கயும் வரக் கூடாது.”

இப்போது அந்தப் பக்கம் போனால் குப்பம்மா டீ கொடுக்கிறார், பக்கத்து வளையத்தை ரெண்டடி தள்ளிக் குறிக்க முடியுமா என்று கேட்டபடியே.