பக்கத்து இருக்கையின் பிரேக்

வாத்தியாருக்கு உண்மையிலேயே வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஊரில் கேலியாகக் கேட்பார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திய அந்த மனிதர் ஆயுளின் பெரும்பகுதியைப் பக்கத்து இருக்கையில்தான் கழித்தார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் பெடல் இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் தடுமாறினாலும், அலறினாலும், கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் வாத்தியாரின் வலது கால் முந்திக்கொள்ளும். வண்டி நின்ற பிறகுதான் வாய் திறப்பார்.

"ரோடு என்ன உங்க அப்பா வீட்டு வராந்தாவா?"

பிரேக் வாத்தியார் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது. பல் டாக்டர், தையல் கடைக்காரி, பேக்கரி முதலாளி, அவர் மகன் எல்லோரும் அவரிடம் கற்றவர்கள். எல்லோருக்கும் சொல்வதற்கு ஒரே கதைதான் இருந்தது: லாரி எதிரே வந்தது, கை கால் ஓடவில்லை, வாத்தியார் கால் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

அவரிடம் கற்றுக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவி.

"உனக்கு வேணாம், நீ பதறுவ" என்பார். பால் பொங்கினால் அவள் பதறுவதில்லை. மகள் மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்து வந்தபோது துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான். அன்று வாசலிலேயே மயங்கி உட்கார்ந்தவர் வாத்தியார். ஆனாலும் பதறுகிறவள் என்ற பட்டம் அவளுக்குத்தான்.

மகள் பொறியியல் படித்து, பிரேக் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருஷம் அம்மா யாரிடமும் மூச்சுவிடாமல் ஊரின் மறுகோடியில் இருந்த போட்டிப் பள்ளியில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேஜையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாத்தியார் எடுத்துப் பார்த்தார்.

"போட்டோ நல்லா வந்திருக்கு" என்றார். பாராட்டு அதோடு முடிந்தது.

வயதானதும் பள்ளியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு பழைய கேரவன் வாங்கினார். உள்ளே மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை. இத்தனை நாள் தெருமுனையிலேயே வட்டம் போட்டாயிற்று, இனி ஊர் ஊராகப் போகலாம் என்றார். அம்மாவுக்கும் ஆசைதான். ஜன்னல் திரைக்குத் துணி எடுத்து அவளே தைத்தாள்.

மகள் வந்ததும் குனிந்து டயர்களைப் பார்த்தாள்.

"என்னம்மா பாக்கற? பட்டன் தேயவே இல்ல. புதுசு."

"ஓடாம நின்னே கிழண்டு போன டயர்ப்பா இது. தயாரான வருஷம் இங்க இருக்கு பாருங்க. ஓரமெல்லாம் வெடிப்பு."

"என் முகத்துலயும்தான் சுருக்கம் இருக்கு. நான் ஓடலையா?"

முணுமுணுத்தாலும் மாற்றிவிட்டார். மற்றதிலும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சாமான்களை ஏற்றி, வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள் மகள். பாரம் கூடுதலாக இருந்தது. இரும்புப் பெட்டியையும் மூன்று நாற்காலிகளையும் இறக்கினார். காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் சூடாகாதபோதே காற்றை அளக்கச் சொன்னாள். அளந்தார். ரப்பர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் மகள் பேச்சைக் கேட்டார்.

டயர் வெடித்தால் என்ன செய்வது என்பதில்தான் சிரித்துவிட்டார்.

"பிரேக்கைத் தொடவே கூடாது" என்றாள் மகள். "ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு நேரா வச்சுக்கணும். ஆக்சிலேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுக்கவும் கூடாது. வண்டி நேரானதும் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. வேகம் தானா குறையும். நல்லா குறைஞ்சப்புறம் ஓரங்கட்டலாம்."

"பிரேக் போட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"பாரம் மொத்தமும் முன்னாடி சாயும்மா. முன் டயர் போயிருந்தா, போன பக்கமாவே வண்டியை இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் யாராலயும் திருப்ப முடியாது."

வாத்தியார் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "பிரேக் போடாதேன்னு சொல்றதுக்கா உனக்கு பிரேக் கம்பெனியில சம்பளம் குடுக்கறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும்தான்.

அம்மா மட்டும் பாடத்தை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது பெரிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நேரா, நேரா, தொடாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அவளும் கேரவனை ஓட்டுவதென்று முடிவானபோது வாத்தியார் ஒரு நிபந்தனை போட்டார். பள்ளியின் பழைய காரில் இருந்த இரண்டாவது பெடலைக் கழற்றி, கேரவனில் தன் பக்கம் பொருத்தச் சொன்னார். மெக்கானிக் ஒரு பகலில் வேலையை முடித்தார்.

"இது எதுக்குப்பா? கழட்டிடுங்க" என்றாள் மகள்.

"சும்மா கிடக்கட்டும். காலுக்குக் கீழ ஒண்ணுமில்லாம உட்கார எனக்கு வராது." பிறகு மனைவியைப் பார்த்து, "உன்னை நம்பாம இல்ல. ரோட்டைத்தான் நம்பல" என்றார்.

அம்மா அந்தப் பெடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏதோ லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டு கிடந்திருக்கிறது. ஓட்டியது அம்மா. வாத்தியார் பக்கத்து முன் டயர் வெடித்தது. கேரவன் அவர் பக்கமாகவே பாய்ந்து சிறுபாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. வாத்தியார் அங்கேயே போய்விட்டார்.

சாலையில் கறுப்பாக டயர் இழுபட்ட தடம் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பிரேக் போட்டிருக்கிறாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டும்போது வேறு பேசினார்கள்.

"ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவர். பொண்டாட்டி பதறி மிதிச்சதுல போயிட்டார் பாரு."

"எத்தனை பேரைக் காப்பாத்தின கால்!"

முதல் நாள் அம்மா, "நான் தொடல" என்றாள். பிறகு, "தொட்ட ஞாபகம் இல்ல" என்றாள். போகப்போக அதுவும் மாறியது. "வண்டி குப்புனு தலை குனிஞ்சுது. நான்தான் மிதிச்சிருப்பேன். வேற யாரு?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சோறு வைத்தால் அப்படியே இருந்தது. மகள் ஊட்டினால், கட்டுப்போடாத கையால் தட்டைத் தள்ளினாள். அவள் தன்னை மெல்ல மெல்லத் தூக்கில் ஏற்றிக்கொண்டிருப்பது மகளுக்குப் புரிந்தது. நிறுத்துவதற்கு வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை யாராவது பிரிக்கத்தானே வேண்டும். மகள் பிரித்தாள். கண்ணாடி, பெல்ட், ஷூ. வலது ஷூவின் அடியைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரப்பரில் வட்ட வட்டமாக ஆழமான பள்ளங்கள். மோதுகிற நொடியில் கால் பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தால், பெடலின் அச்சு ஷூவின் அடியில் பதிந்துவிடும். சோதனைப் பிரிவில் இதைப் பார்த்திருக்கிறாள். அன்று அம்மா போட்டிருந்த செருப்பு இரண்டையும் எடுத்துத் திருப்பினாள். வழுவழுவென்றிருந்தன.

மறுநாள் நொறுங்கிய வண்டிகளைப் போட்டு வைக்கும் மைதானத்துக்குப் போனாள். காவலாளி கேரவனைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். ஓட்டுநர் பெடலில் குறுக்குக் கோடுகள். பக்கத்து இருக்கையின் பெடலில் வட்டக் குமிழ்கள். ஷூவை வைத்துப் பார்த்தாள். குமிழுக்குக் குமிழ் உட்கார்ந்தது. வேலையில் ஒரு தடம் இப்படிப் பொருந்தினால் அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வரும்.

அம்மாவைக் காப்பாற்ற அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த ஒரு காலைத் தவிர அவர் விட்டுப்போன பெருமை வேறொன்றுமில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவை அம்மாவின் மடியில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அம்மா பள்ளங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"அப்போ நான் தொடல."

"தொடலம்மா. நீ எல்லாத்தையும் சரியாதான் செஞ்சிருக்க."

மகள் காத்திருந்தாள். அம்மா உடைந்து அழுவாள், பிறகு நாலு வாய் சாப்பிடுவாள் என்று நினைத்திருந்தாள்.

"கடைசி நிமிஷம் வரைக்கும் அவர் என்னை நம்பல" என்றாள் அம்மா.

"அது நம்பிக்கை சம்பந்தப்பட்டதில்லம்மா. பழக்கம். கால் அதுவா போயிடும்."

"அதைத்தான் சொல்றேன். யோசிச்சு நம்பலன்னா சண்டை போடலாம். இது அவர் காலுக்கே தெரிஞ்சிருக்கு." ஷூவைத் திருப்பி மகளிடம் கொடுத்தாள். "நான் கொன்னுட்டேன்னு நினைச்சப்போ அழவாவது முடிஞ்சுது."

அந்த வாரம் சித்தப்பா வந்தார், வாத்தியாரின் தம்பி. பள்ளியில் அண்ணன் படத்தை மாட்டப் போகிறார்களாம், பழைய மாணவர்கள் எல்லோரும் வருகிறார்களாம். தம்ளரை உருட்டிக்கொண்டே இழுத்தார்.

"நீங்க வர வேணாம் அண்ணி. யாராவது வாய்க்கு வந்தபடி ஏதாவது சொல்லிடுவாங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்."

மகள் எழுந்துபோய் ஷூவைக் கொண்டு வந்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சித்தப்பாவின் முகம் கறுத்தது.

"செத்தவர் மேல பழி போட ஒரு ஷூவைத் தூக்கிட்டு வந்தியா? இதுக்குத்தான் உன்னை அவ்வளவு படிக்க வச்சாரா?"

"பழி இல்ல தம்பி" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "ஓட்டறவங்களை நம்பாம இருக்கறதுதான் அவர் தொழில். ஊருக்கு அது நல்லதாப் போச்சு. வீட்டுக்கும் அதையே கொண்டுவந்துட்டார். நீங்க படத்தை மாட்டுங்க. நான் பதறி மிதிச்சேன்னு மட்டும் என் காதுபட இனி யாரும் சொல்லக்கூடாது."

சித்தப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். படம் மாட்டப்பட்டது. ஊர் பேசியதையேதான் பேசியது. கூடவே, பெற்ற மகளே செத்த அப்பன்மேல் பழி போட்டாள் என்பதும் சேர்ந்துகொண்டது.

அன்று சித்தப்பா போனதும் அம்மா அடுக்களைக்கு வந்தாள். மகள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். அம்மா கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். கணக்குப் போட்டுச் சொல்லு. அவர் மிதிக்காம இருந்திருந்தா, நான் பிடிச்ச பிடியில வண்டி நின்னிருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் மகளுக்குத் தோன்றியது. பொய்யிலும் அம்மாவுக்கு நிம்மதி இல்லை, உண்மையிலும் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"நின்னிருக்கும்மா. கொஞ்ச தூரம் ஆடிக்கிட்டே போயிருக்கும். அப்புறம் ஓரமா நின்னிருக்கும்."

"ரெண்டு பேரும் இறங்கியிருப்போம்."

"ஆமா."

அம்மா தலையை ஆட்டினாள்.

"இறங்கினதும் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? 'பாத்தியா, நான் பக்கத்துல இருந்ததாலதான் பொழச்சோம்'னு சொல்லியிருப்பார்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அம்மா சிரிக்கவில்லை.

"நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.