ஓசி டிக்கெட்டில் ஐஸ் ஹாக்கி

இன்று மத்தியானம் மகளின் ஐஸ் ஹாக்கி ஆட்டம். டிக்கெட் விற்றால்தான் பனி அரங்கின் வாடகை கட்டலாம். இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள்.

போன முறை, கூட்டமாவது சேரட்டும் என்று எங்கள் ஊர் லின்ஃபீல்ட் தமிழருக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். ஒருவரும் வரவில்லை. என் கணவர் உட்பட.

இந்த முறை எல்லாரிடமும் காசு வாங்கினேன். கணவரிடமும்தான்.

அரங்கு நிறைந்துவிட்டது!

மகளின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. குளிரில் எனக்குப் பல் தந்தியடித்தது.

“வாங்கோ, வீட்ட போவம்,” என்றேன்.

“காசு குடுத்தெல்லோ வந்தனான்? முடிஞ்சாப் பிறகுதான் எழும்புவன்,” என்றார் கணவர்.

பக்கத்திலிருந்த மலேசியத் தோழி சிரித்தாள். “அடுத்த மேட்ச்சுக்கு விலையக் கூட்டு லா. இன்னும் நிறைய பேர் வருவாங்க.”

அணி பிழைத்துவிடும் போலிருக்கிறது.

உறுப்பினர்களே, ஆளே சேராத நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் டிக்கெட் போடுவோமா? பதில் எழுதுங்கள்.