நான் நிறுத்தச் சொன்ன மழை

என் பெயர் செல்வராணி. குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மாரியம்மன் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை.

போன வருடம் சித்திரையில் என் மகள் கவிதாவின் தவணைப் பரீட்சை ரிப்போர்ட் வந்தது. பத்தாம் வகுப்பு. விஞ்ஞானத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது. நர்ஸாக வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே ஆசைப்படுகிற பிள்ளை. "எனக்கு மூளை இல்லம்மா, நானும் பால் வெட்டவே வந்துடுறேன்" என்றாள்.

கயிறு மந்திரித்துக் கட்டினேன். வல்லாரை அரைத்துக் கொடுத்தேன். செவ்வாய், வெள்ளி விரதமிருந்தேன். "எம்புள்ளைக்கு அறிவக் குடு தாயே" என்று அழுதேன். குறை அவள் தலையில்தான் என்று நம்பினேன்.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது; வேலை இல்லை. அம்மன் மேலேயே கோபம் வந்தது. "அறிவு கேட்டா, இருக்குற வேலையையும் புடுங்கிட்டியே!" என்று விளக்கின் முன்னால் சண்டை போட்டேன். மழையை நிறுத்தச் சொல்லி அதற்கும் ஒரு நேர்த்தி வைத்தேன். மழை நிற்கவில்லை.

ஆடியில் அடுத்த ரிப்போர்ட் வந்தது. விஞ்ஞானம் ஐம்பத்தெட்டு! நம்ப முடியாமல் பள்ளிக்கே போனேன். விஞ்ஞான சார் சொன்னார்: "மழை தொடங்குனதுல இருந்து கவிதா லேட்டாவே வரலீங்கம்மா. மொதல் பாடம் விஞ்ஞானம். முந்தி அவ வந்து சேர்றப்ப பாடம் முடிஞ்சிரும். ஏன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்குவா. காலையில எங்கதான் போயிட்டிருந்தா?"

எங்கே போவாள்? என்னோடுதான். எனக்கு முழங்கால் வலி வந்த பிறகு, விடிந்ததும் முன்னால் ஓடி, மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டைகளில் முந்தின நாள் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துத் தருவது அவள்தான். பிறகுதான் குளித்து, பள்ளிக்கு ஓட்டம். மழையில் அந்த வேலை இல்லாததால்தான் நேரத்துக்குப் போயிருக்கிறாள். ஒத்தாசையான பிள்ளை என்று தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறேன். வெட்கத்தில் சாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வரும் வழியில் கோயில் வாசலில் நனைந்தபடி நின்று அழுதேன். நான் கேட்ட இரண்டில் ஒன்றைக் கொடுக்கத்தான் மற்றதை மறுத்திருக்கிறாள் அம்மன்.

இப்போது சிரட்டைகளை நானே உரிக்கிறேன். வேலை மெதுவாகத்தான் முடிகிறது. கங்காணி ஏசுகிறார், ஏசட்டும். கவிதா மணியடிக்கும் முன்பே வகுப்பில் இருக்கிறாள்.

கேட்டது கிடைக்கவில்லையென்று தாயோடு கோபித்துக்கொண்டிருப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் வேண்டுகிறேன். மழையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.