பெயரை வெட்டிய பாட்டு

ஆல்பம் வருவதற்கு முன்னால் ஒரு பாட்டைச் சும்மா தெருவில் விடுவது ராப் பாடுகிறவர்களின் வழக்கம். ஸ்ட்ரீட் சிங்கிள் என்பார்கள். ஆல்பத்தில் அது இருக்காது, ரேடியோவுக்கும் போகாது. காரிலும் ஜிம்மிலும் முடிவெட்டும் கடையிலும் ஓடிச் சூடு கிளப்ப வேண்டும். அந்தச் சூட்டில் ஆல்பத்தை இறக்க வேண்டும்.

எங்கள் ஆல்பம், அம்மா இறந்த பிறகு சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் நாங்கள் இருந்த வீட்டைக் காலி செய்ததைப் பற்றியது. அம்மாவின் துணி அலமாரி, சாவியைத் திருப்பிக் கொடுத்த காலை, எல்லாம் அதில் இருந்தன. வருஷக்கணக்கில் எழுதினேன். பாட்டுகளுக்குத் தாளமும் இசையும் சேர்த்து பீட் போட்டவன் பள்ளிக்கூடக் காலத்து நண்பன். தோ பாயோவில் அவன் வீட்டு அறை ஒன்றுதான் எங்கள் ஸ்டூடியோ. அவன் மனைவி மாசமாக இருந்தாள், பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த அறை வேண்டும். இந்த ஆல்பமும் எடுபடாவிட்டால் ஸ்டூடியோ சாமான் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

ஸ்ட்ரீட் சிங்கிளை ஒரே மத்தியானத்தில் எழுதினேன். வெறும் வாய்ச்சவடால். தொண்டை கிழியக் கத்தினேன். ராப்பில் எடுத்த எடுப்பிலேயே பாடுகிறவன் தன் பெயரைச் சொல்லிக்கொள்வான். நானும் சொன்னேன். நண்பன் அதை வெட்டிவிட்டான்.

"பேர் வேணாம் லா. யார்டா இவன்னு எல்லாரும் தேடட்டும். அப்ப ஆல்பத்த ரிலீஸ் பண்ணா செம ஹைப்."

எனக்கும் அது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கைப்பேசிக் கடைகளில் அலறியது. கல்யாண விருந்துகளில் ஆடினார்கள். புக்கிட் பாத்தோக்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டிலேயே ஒருவர் அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஒருவரும் தேடவில்லை. பாட்டு பிடித்தால் பாடினவனைத் தேடுவார்கள் என்று நம்பிய எங்கள் மண்டையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

ஆல்பம் வந்தது. அந்தப் பாட்டு எங்களுடையதுதான் என்று இணையத்தில் போட்டோம். "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க ப்ரோ" என்று ஒருவன் பதில் போட்டான். அவன் பதிலுக்கு விழுந்த லைக்குகள்கூட ஆல்பத்துக்கு விழவில்லை. அம்மாவைப் பற்றிய பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நண்பன் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மைக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். "சாரிடா," என்றான், அவ்வளவுதான். அடுத்த முறை நான் போனபோது மைக் இருந்த இடத்தில் தொட்டில் இருந்தது. குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் முடி வெட்டப் போனேன். கடையில் என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுகிறவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே கத்தரி போட்டார்.

"யாருண்ணே பாடுனது?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. நம்ம ஊருப் பயதான்னு பேசிக்கிறாங்க."

"நான்தாண்ணே பாடினேன்."

சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கழுத்தில் துணியோடு, கண்ணாடியைப் பார்த்து, பாட்டின் முதல் வரிகளைப் பாடினேன். கத்தரி நின்றது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா அவன் மாதிரி வராது தம்பி."

தலையைக் குனியச் சொன்னார். குனிந்தேன்.